பியானோவிலிருந்து பின்னணிப் பாடல் வரை: ஜேன் ஒஸ்டினின் நாவல் தமிழுக்கு வந்த கதை

(க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு)

கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கம் ஓடும் பஸ்களிலே ஏறி இறங்குபவர்கள் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தின் பாடல் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். 2000 ஆம் ஆண்டு மே மாதம் திரைக்கு வந்த படம் அது. இயக்கியவர் ராஜீவ் மேனன், இசை ஏ. ஆர். ரஹ்மான். பாடல்கள் தெரிந்த அளவுக்கு அதன் கதை எங்கிருந்து வந்தது என்பது நம்மவர்க்குத் தெரிவதில்லை. அது 1811 ஆம் ஆண்டு இலண்டனிலே மூன்று பாகங்களாக வெளிவந்த ‘சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி’ என்னும் ஆங்கில நாவல். தமிழிலே சொல்வதானால் அறிவும் உணர்வும் எனலாம். நூலின் முகப்பிலே ஆசிரியரின் பெயர் இல்லை. ஒரு பெண் எழுதியது என்று மட்டுமே அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பெண்தான் ஜேன் ஒஸ்டின்.

1811 இலே நம் கண்டி இன்னும் மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் தலைநகரம். ஆங்கிலேயர் இதைக் கைப்பற்ற இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. ஒஸ்டினுக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: அவருடைய தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின் பிரித்தானியக் கடற்படையிலே பெரிய அதிகாரியாக இருந்து, 1852 இல் பர்மாவிலே நோயுற்று இறந்து, நம் திருகோணமலையிலே அடக்கம் செய்யப்பட்டார். எழுத்தாளரின் குடும்பத்திலே ஒருவர் நம் மண்ணிலே உறங்குகிறார்.

ஒரு நாட்டின் கதையை இன்னொரு நாட்டு மொழியிலே சொல்வது தமிழுக்குப் புதிதன்று. நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் சீறாப்புராணம். உமறுப்புலவர் அரபு நாட்டை வருணிக்கும்போது மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. பாலைவனத்திலே மருத நிலம் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் காப்பியத்தின் வழக்கத்தை அறியாதவர்கள். தமிழ்க் காதுக்குச் செழிப்பு என்றால் வயலும் ஆறும்தான். கதை புதிய மண்ணிலே வேர் பிடிக்க வேண்டுமானால் அந்த மண்ணின் நீரைக் குடிக்க வேண்டும். ஆனால் அப்படிக் குடிக்கும்போது எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதிலேதான் மறுகதையின் சுவை இருக்கிறது. ஒஸ்டினின் நாவலையும் அந்தப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, காதலைவிட இரண்டு விடயங்கள் என் கவனத்தை அதிகம் பிடித்தன. ஒன்று வீடு, மற்றது இசை.

முதலில் வீடு. நாவல் ஒரு மரணத்தோடு தொடங்குகிறது. டேஷ்வூட் குடும்பத்தின் பெரிய வீடும் நிலமும் ஒரு முதியவரின் மரண சாசனத்தின்படி அவருடைய மருமகன் கைக்கு வருகின்றன. ஆனால் அதை அவர் தன் மனைவிக்கோ மூன்று பெண் பிள்ளைகளுக்கோ விட்டுச் செல்ல முடியாதபடி சாசனம் கட்டிப் போட்டிருக்கிறது. எல்லாம் முதல் மனைவியின் மகன் ஜோனுக்கும், அவனுக்குப் பின் அவனுடைய நான்கு வயது மகனுக்குமே சேர வேண்டும். அந்தச் சிறு பையன் செய்த தகுதி என்ன? முதியவரைப் பார்க்க வந்தபோது மழலை பேசியதும் குறும்பு செய்ததும் சத்தம் போட்டதும்தான். பல ஆண்டுகள் அவரைப் பக்கத்திலிருந்து பராமரித்த பெண்களுக்குக் கிடைத்தது ஆளுக்கு ஆயிரம் பவுண்.

தந்தை இறக்கும்போது, உன் தங்கைமாரைப் பார்த்துக்கொள் என்று ஜோனிடம் வாக்கு வாங்குகிறார். ஜோனும் ஆளுக்கு ஆயிரம் பவுண் கொடுப்பதாக மனத்துக்குள் முடிவு செய்கிறான். பிறகு வருகிறது இரண்டாம் அத்தியாயம். அவனுடைய மனைவி ஃபானி பேசத் தொடங்குகிறாள். ஆயிரம் ஐந்நூறாகிறது. ஐந்நூறு, தாயாருக்கு ஆண்டுதோறும் நூறு என்றாகிறது. ஆண்டுதோறும் கொடுப்பவர்கள் சாகவே மாட்டார்கள் என்று அவள் சொல்ல, அது எப்போதாவது ஐம்பது என்று சுருங்குகிறது. கடைசியிலே, வீடு மாறும்போது சாமான் ஏற்ற உதவி, காலத்துக்குக் காலம் கொஞ்சம் மீனும் வேட்டை இறைச்சியும் என்பதிலே வந்து நிற்கிறது. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் நான்கு பெண்களின் வாழ்வு சில பக்கங்களிலே கரைந்து போகிறது. இந்த ஓர் அத்தியாயத்தையாவது நம் தோழியர் ஆங்கில மூலத்திலேயே வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. நகர நூலகங்களிலே கிடைக்காத நூல் அல்ல.

இனிப் படத்துக்கு வருவோம். கதை செட்டிநாட்டு மாளிகை ஒன்றுக்கு இடம் மாறுகிறது. இங்கே நோயிலே படுத்திருப்பவர் பத்மாவின் தந்தை சந்திரசேகர். பத்மாவின் மூன்று பெண்கள் சௌமியா, மீனாட்சி, கமலா. முதியவர் இறந்த பின் பெட்டியை உடைத்துப் பார்த்தால், சொத்து முழுவதும் இளைய மகன் சுவாமிநாதனுக்கு என்று பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய உயில் வெளிவருகிறது. ஏன் அப்படி எழுதினார்? பத்மா வீட்டுக்குத் தெரியாமல் தன் விருப்பப்படி மணம் முடித்துப் போனதற்குத் தண்டனையாக. பிற்காலத்திலே மகள் செய்த பணிவிடையால் மனம் இளகி உயிலை மாற்ற நினைத்தார். ஆனால் வாய் பேச முடியாத நிலையிலே அதைச் சொல்லாமலே கண் மூடினார்.

படம் செய்த மாற்றங்களுள் இதையே நான் மிகவும் ஆழமானதாகக் கருதுகிறேன். ஒஸ்டினின் நாவலிலே பெண்கள் வீட்டை இழப்பது அவர்கள் பெண்களாக இருப்பதால். தமிழ்க் கதையிலே அவர்கள் வீட்டை இழப்பது தாய் ஒருகாலத்திலே உணர்வின் பக்கம் சாய்ந்ததால். அறிவா உணர்வா என்ற கேள்வி ஒரு தலைமுறை பின்னுக்குப் போய் விடுகிறது. தாய் காதலித்ததற்குப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள். இதைத் தமிழ்க் குடும்பங்களின் உள்ளே இருந்து பார்த்தவர்கள்தான் கற்பனை செய்திருக்க முடியும்.

மகளின் பங்கு என்பது நமக்கு வேறு விதமாகத் தெரிந்த விடயம். சூரா அந்நிஸாவிலே மகளுக்கு உரிய பங்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அது சகோதரன் இரங்கிக் கொடுக்கும் அன்பளிப்பு அல்ல. கிழக்கு மாகாணத்து முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைப்பதே வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். டேஷ்வூட் சகோதரிகள் காத்தான்குடியிலே பிறந்திருந்தால் நாவலே எழுதியிருக்க முடியாது என்று சிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஜோனும் ஃபானியும் பேசிக்கொண்ட அந்தப் பேச்சை, ஆங்கிலேயர் மட்டுமே பேசும் பேச்சு என்று நம்மால் சொல்ல முடியுமா? “தங்கச்சிக்கு எல்லாம் செஞ்சுதானே கட்டிக் கொடுத்தோம்” என்ற வார்த்தையைக் கேளாத ஊர் உண்டா? பங்கு விதிக்கப்பட்டிருப்பது வேறு, அது கையிலே வந்து சேர்வது வேறு.

வீட்டை விட்டுப் புறப்படும்போது டேஷ்வூட் பெண்கள் எடுத்துச் செல்லும் பொருள்களை ஒஸ்டின் பட்டியலிடுகிறார். துணிமணி, வெள்ளிப் பாத்திரம், பீங்கான், புத்தகங்கள், அவற்றோடு இளையவள் மேரியனின் அழகான பியானோ. இந்தப் பொருள்கள் புறப்பட்டுப் போவதைப் பார்த்து ஃபானி பெருமூச்சு விடுகிறாள். வருமானம் குறைந்தவர்களுக்கு இத்தனை நல்ல சாமான் எதற்கு என்பது அவள் வருத்தம். எல்லாம் போன பின்னும் மேரியனோடு போவது அவளுடைய இசை.

இங்கே ஒரு வார்த்தை. இசை பற்றி நம் வீடுகளிலே ஒரே கருத்து இல்லை என்பதை நான் அறிவேன். அதைத் தீர்த்து வைக்க நான் ஆள் அல்லேன். கதைக்குள்ளே இசை என்ன வேலை செய்கிறது என்பது மட்டுமே இந்தக் கட்டுரையின் அக்கறை.

ஒஸ்டின் தாமே இசையிலே ஈடுபாடு உடையவர். காலை உணவுக்கு முன் பியானோ பயில்வது அவர் வழக்கம். இசைக் குறிப்புகளைக் கையாலே பிரதி செய்து வைத்த அவருடைய ஏடுகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நம்மில் சிலர் பாட்டு வரிகளைக் கொப்பியின் பின்பக்கத்திலே எழுதி வைக்கிறோமே, அதே போன்ற உழைப்புத்தான். ஆகவே அவர் நாவலிலே இசை வெறும் அலங்காரமாக வரவில்லை. மனிதரை அளக்கும் தராசாக வருகிறது.

அந்தத் தராசு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஏழாம் அத்தியாயம் போதும். புதிய ஊரிலே விருந்து ஒன்றில் மேரியன் பாடுகிறாள். வீட்டுக்காரர் சேர் ஜோன் மிடில்டன் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் உரக்கப் புகழ்கிறார். பாட்டு நடக்கும்போது அதே அளவு உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். அவருடைய மனைவி, இசையைவிட்டுக் கவனம் சிதறலாமா என்று கணவரைக் கண்டிக்கிறாள். பிறகு மேரியன் இப்போதுதான் பாடி முடித்த பாட்டையே பாடச் சொல்லிக் கேட்கிறாள்! கேணல் பிரண்டன் ஒருவர் மட்டும் புகழவில்லை. கவனமாகக் கேட்டார், அவ்வளவே. நம் கல்லூரி விழாக்களிலே மேடையில் நிற்பவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

ஆனால் பதினேழு வயதை எட்டாத மேரியனின் கண்ணுக்கு முப்பத்தைந்து வயதுப் பிரண்டன் கிழவர். குளிருக்குப் பிளனல் சட்டை போடுபவர். அவளுடைய மனத்தைப் பிடிப்பவன் வில்லோபி. மழையிலே வழுக்கி விழுந்து கால் சுளுக்கியவளைத் தூக்கி வந்தவன். அவளுக்குப் பிடித்த புத்தகங்கள் அவனுக்கும் பிடிக்கின்றன. சேர்ந்து வாசிக்கிறார்கள், சேர்ந்து பாடுகிறார்கள், அவளுக்காக இசைக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறான். படத்திலே வில்லோபியின் இடத்துக்கு வரும் ஸ்ரீகாந்த் பாரதியின் கவிதையைச் சொல்லி மீனாட்சியை வெல்கிறான். ஆங்கிலக் கவிஞர்களின் இடத்தைப் பாரதி பிடித்தது மிகப் பொருத்தம். கவிதை மாறியதே தவிர வலை மாறவில்லை. பணக் கஷ்டம் வந்ததும் வில்லோபி ஐம்பதாயிரம் பவுண் சொத்துள்ள பெண்ணை மணக்கிறான். ஸ்ரீகாந்தின் நிதி நிறுவனம் சரிந்ததும், முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பித் தர உதவும் அமைச்சரின் மகளை மணக்க அவன் சம்மதிக்கிறான்.

ஒருவருக்கும் நமக்கும் ஒரே பாட்டுப் பிடிக்கிறது என்றால், அவர் நம்மைப் புரிந்துகொண்டார் என்று எண்ணி விடுகிறோம். கைத்தொலைபேசியிலே பாட்டை அனுப்பிப் பேச்சைத் தொடங்கும் இந்தக் காலத்திலே இது இன்னும் எளிது. ஒஸ்டின் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வைத்த சோதனை வேறு: உன்னோடு சேர்ந்து பாடுபவன் யார் என்பதை விட்டு, நீ பாடும்போது வாயை மூடிக் கேட்பவர் யார் என்று பார்.

படம் இந்த இடத்திலே மூலத்தைத் தாண்டி ஓர் அடி வைக்கிறது. கேணல் பிரண்டன் இங்கே மேஜர் பாலா. குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர். மீனாட்சி சங்கீதம் கற்பதற்காகத் தாம் குடியை விடுவதென்று முடிவெடுக்கிறார். கேட்பதோடு நிற்காமல், அவளுடைய கலை வளரத் தம்மை மாற்றிக்கொள்கிறார். பிறகு சென்னையிலே வறுமை வந்தபோது மீனாட்சி அவருடைய உதவியோடு திரைப்படப் பின்னணிப் பாடகி ஆகிறாள். மேரியன் பாடியதற்கு யாரும் ஒரு சதம் கொடுக்கவில்லை. அவள் வர்க்கத்துப் பெண் கூலிக்குப் பாடுவது நினைத்தும் பார்க்க முடியாத செயல். மீனாட்சியின் இசை அவளுக்குச் சம்பளம் தருகிறது. மூத்தவள் சௌமியாவும் அப்படியே. கிராமத்துப் பாடசாலையிலே தலைமையாசிரியையாக இருந்தவள், சென்னையிலே ஏறி இறங்காத அலுவலகம் இல்லை என்று அலைந்து, மென்பொருள் நிறுவனத்திலே தொலைபேசி இயக்குநராகச் சேர்ந்து, தன் தகுதியால் கணினி நிரல் எழுதும் பதவிக்கு உயர்கிறாள். எலினோருக்கு அப்படி ஒரு கதவு இருக்கவில்லை. அவளுக்கு எவ்வளவு அறிவு இருந்தாலும் அந்த அறிவால் ஒரு நாள் சம்பளம் வாங்கியிருக்க முடியாது. தாயும் மூன்று மகள்மாரும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுணிலே வாழ்ந்துகொண்டு, நல்லவர் எவராவது கேட்டு வருவாரா என்று காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே நாவலின் முடிவிலே நடக்கும் திருமணங்கள் கரை சேர்தல். படத்தின் முடிவிலே நடப்பவை தெரிவு. சம்பாதிக்கத் தெரிந்த பின் சம்மதம் சொல்லும் பெண்ணின் சம்மதத்துக்கு எடை வேறு.

எல்லாமே முன்னேற்றம் என்று எழுதினால் அது நேர்மை ஆகாது. படம் இழந்ததும் உண்டு. நம் வழக்கிலே சொன்னால் எலினோர்தான் அந்த வீட்டின் ராத்தா. தான் விரும்பும் எட்வேட் வேறொரு பெண்ணுக்கு ஏற்கெனவே இரகசியமாக வாக்குக் கொடுத்திருக்கிறான் என்பதை, அந்தப் பெண் லூசியே வந்து எலினோரிடம் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று வாக்கு வாங்குகிறாள். நான்கு மாதங்கள் எலினோர் அதை மனத்துக்குள் வைத்திருக்கிறாள். தங்கை அழும்போது தேற்றுகிறாள், தான் அழுவதில்லை. கடைசியிலே விடயம் தெரிந்தபோது, உனக்கு உணர்வே இல்லையா என்று குற்றஞ்சாட்டி வந்த மேரியன் வெட்கிப் போகிறாள். படத்திலே இந்த லூசி இல்லை. சௌமியாவுக்கும் இயக்குநராகத் துடிக்கும் மனோகருக்கும் இடையே வருவது ஒரு நடிகையைப் பற்றிய வதந்தி. வதந்தியை நம்பி வருந்துவது யாராலும் முடியும். உண்மையை அறிந்து, கொடுத்த வாக்குக்காக வாய் மூடியிருப்பதுதான் கடினம்.

இசை ஓரளவு இந்தக் குறையை நிரப்ப முயல்கிறது. சங்கர் மகாதேவனுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த பாடலிலே மனோகர் சௌமியாவிடம் பதில் கேட்டுப் பாடுகிறான். பாடும் குரல் ஒன்றே, அது ஆணின் குரல். சௌமியா அதிலே ஒரு வரியும் பாடுவதில்லை. அந்தப் பாட்டை நான் முதலிலே வெறும் காதல் பாட்டாகத்தான் கேட்டேன். நாவலை வாசித்த பிறகு, பாடாத அந்தப் பெண்ணின் மௌனமே காதிலே விழுகிறது. இசையிலே நாட்டம் இல்லாதவள் என்றே எலினோரை ஒஸ்டின் படைத்திருக்கிறார். அவள் சித்திரம் வரைபவள். அந்த வகையிலே, பாட்டுகளால் நிறைந்த படத்திலே ராத்தாவுக்கு மிகப் பெரிய பாட்டிலேயும் குரல் கொடுக்காமல் விட்டது பொருத்தம் என்றே சொல்வேன்.

மேஜர் பாலாவைப் பற்றி இன்னொன்று இருக்கிறது. இலங்கையிலே இருந்து வாசிப்பவர்களால் அதைக் கடந்து போக முடியாது. நாவலின் பிரண்டன் கிழக்கிந்தியாவிலே இராணுவ சேவை செய்தவர். அந்த நாடுகளைப் பற்றி அவரிடம் கேட்டால் வெயிலும் நுளம்பும் என்றுதானே சொல்வார் என்று மேரியன் கேலி செய்கிறாள். படத்தின் பாலா இந்திய அமைதிப் படையிலே இலங்கைக்கு வந்து, இங்கே காலை இழந்தவர். இரண்டு கதைகளிலும் சிப்பாய் ஒருவர் தூர தேசத்திலிருந்து காயத்தோடு திரும்புகிறார். அந்தத் தூர தேசம் நாம்தான். தமிழ்நாட்டு ரசிகருக்கு அது பாத்திரத்தின் பின்னணி. இரண்டு நிமிடத்திலே முடிந்து பாட்டு வந்து விடும். 1987 முதல் 1990 வரையான அந்த ஆண்டுகளை நேரிலே கண்ட பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலே இருந்து படம் பார்த்தால் அந்த இரண்டு நிமிடம் அவ்வளவு விரைவாக முடியாது.

இரண்டு கதைகளிலும் இளையவள் உயிர் தப்புகிறாள். மேரியன் ஈரப் புல்லிலே நடந்து கடும் காய்ச்சலிலே விழுகிறாள். மீனாட்சி தன் முதற் பாடலைப் பாடிப் பதிவு செய்த நாளிலே, வேறொருத்தியை மணக்க இருக்கும் ஸ்ரீகாந்தைக் கண்டு மனம் கலங்கி, சென்னைத் தெருவிலே மூடியில்லாத பாதாளச் சாக்கடைக் குழியிலே விழுகிறாள். காப்பாற்றுபவர் பாலா. எனக்கு நாவலின் பகுதியே அதிகம் பிடித்தது. குணமாகி வீடு திரும்பும் மேரியன் பியானோவின் முன் உட்காருகிறாள். கண்ணிலே முதலிலே படுவது வில்லோபி வாங்கித் தந்த இசை நூல். அவன் கையெழுத்திலே அவள் பெயர். அதை ஒதுக்கி வைக்கிறாள். விரல்களை ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கிறாள். விரலிலே பலம் இல்லை என்று மூடி விடுகிறாள்; இனி நிறையப் பயில்வேன் என்கிறாள்.

அதற்குப் பின் ராத்தாவிடம் ஒரு நேரசூசி சொல்கிறாள். காலை ஆறு மணிக்குப் பின் படுக்கையிலே இருக்க மாட்டாளாம். இராச் சாப்பாடு வரை ஒவ்வொரு நிமிடமும் இசையும் வாசிப்பும்தானாம். நாளுக்கு ஆறு மணித்தியாலம் வாசித்தால் ஒரு வருடத்திலே எவ்வளவோ கற்று விடலாமாம். எலினோர் அதைக் கேட்டுப் புன்னகை செய்கிறாள். எத்தனை நாள் அந்த நேரசூசி நடந்தது என்பதை ஒஸ்டின் எழுதவில்லை.